பூங்கொடியைப் பெஞ்சில் உட்கார வைத்த வருஷம்

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. ஓர் அணியைக் கையில் எடுத்த நாளிலிருந்து "யாரைத் தூக்கலாம், யாரைக் கொண்டுவரலாம்" என்ற பேச்சு உங்களை விடாமல் துரத்தும். தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கேட்பார். வாட்ஸ்அப் குழுவில், வாழ்நாளில் கூடைப்பந்தைத் தொட்டே பார்க்காத ஒருவர் காலை வணக்கப் பூவுக்கு அடுத்தபடியாக ஐந்து பேர் கொண்ட அணியை அறிவிப்பார். கோபப்படாதீர்கள். அக்கறை இருப்பவர்கள்தான் வாய் திறக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே செய்துவிடாதீர்கள்.

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். பள்ளி நேரம் போக, காலையும் மாலையும் கோயம்புத்தூரில் ஒரு கிளப்பின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பல வருஷம் பார்த்துக்கொண்டேன். இப்போது இரண்டு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. என் பெண்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பெருமை அதிகமாகவே வரும். குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், குறைக்க மாட்டேன்.

எங்கள் அணியில் எல்லோரும் இந்தப் பக்கத்துப் பெண்கள்தான். கேப்டன் பூங்கொடி அன்னூர்க்காரி. விவசாயக் குடும்பம், முப்பது வயது, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தைக்குத் தாய். எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்குள் போகும் கை அவளுக்கு. கூடைக்குக் கீழே நின்று மல்லுக்கட்டுகிறவள் பவானியிலிருந்து வந்த சித்ரா. உயரம் போதாது, ஆனால் அவளை இடித்துவிட்டுப் போவதற்குப் பதில் சுவரை இடித்துவிட்டுப் போகலாம். பந்தை நடத்திக்கொண்டு வருகிறவள் ஜெபா. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள், வயது பத்தொன்பது, காலில் சக்கரம். மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் பேச்சில் எங்கள் ஊர் மரியாதை 'ங்க' ஒன்றுகூடக் கிடையாது. கிளப் ஹாஸ்டலில் எங்கள் பிள்ளைகளோடு இருந்து இருந்து, கடைசியில் எங்களையே மிஞ்சிவிட்டாள். நாய் குறுக்கே வந்தால்கூட "கொஞ்சம் நகருங்க" என்பாள்.

இவ்வளவு நல்ல அணிக்கு ஒரு வியாதி இருந்தது. எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும், வெளிமாநில அணிகளும் வருகிற பெரிய போட்டியில் அரையிறுதி வரை ஜம்மென்று வருவோம். அங்கே ஒரு புள்ளியில், இரண்டு புள்ளியில் தோற்போம். ஒரு வருஷம் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். வருஷா வருஷம் என்றால் என்ன சொல்வது? கேலரியில் உட்காரும் பையன்கள் எங்களுக்கு 'அரையிறுதி அக்காமார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை முதல் தடவை கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம், போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அணியை மாற்றுவது பற்றிப் பேச மைதானத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் கூடினோம். எங்கள் ஊரில் கல்யாணம் பேசுவதிலிருந்து கம்பெனி தொடங்குவது வரை பேக்கரியில்தான் முடிவாகும். மூன்று பேர் இருந்தோம். ஒருவர் கிளப் தலைவர். பம்ப் தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறவர், கல்லூரிக் காலத்தில் ஆடியவர், நாங்கள் தோற்றால் காருக்குள் போய் உட்கார்ந்து அழுகிறவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவர் அணி தேர்ந்தெடுக்காத வரைக்கும். இன்னொருவர் கிளப் செயலாளர். எந்த ஆட்டத்தையும் மொபைலில் மூன்று தடவை பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார். மூன்றாவது நான்.

தலைவர் டீ டம்ளர்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொரு டம்ளரும் ஒரு பெண். ஜெபாவுக்கு மட்டும் டம்ளர் கிடைக்காமல் பல்குத்தும் குச்சி டப்பாவை வைத்தார்.

"மிஸ், நமக்கு ஒசரம் இல்லீங்க. அதான் பிரச்சினையே" என்று தொடங்கினார். "கேரளாவுல ரெண்டு புள்ளைங்களப் பாத்து வெச்சிருக்கறேன். கையத் தூக்குனா கூடையத் தொடுதுங்க. பேசிப்போட்டா இந்த வருஷமே கெஸ்ட்டா வந்து ஆடுவாங்க."

பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு தக்காளி சாஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். பாட்டில்கள் பக்கத்தில் எங்கள் டம்ளர்கள் பாவமாகத் தெரிந்தன.

செயலாளர் ஒரு டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். அது சித்ரா. "சித்ரா நல்லா ஆடறாங்க, இல்லன்னு சொல்லலீங்க. ஆனா ஒசரத்துல அடிவாங்கறோமுங்க. அவங்க எடத்துல ஒரு ஆளு. அப்புறம் ஜெபாவுக்கு அனுபவம் பத்தலீங்க, கடைசி நிமிஷத்துல பயந்துக்குது. அது எடத்துல இன்னொரு ஆளு."

பல்குத்தும் குச்சி டப்பாவும் ஓரத்துக்குப் போனது. பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் டம்ளர்களை இழுத்தார்கள், தள்ளினார்கள், தேங்காய் பன் சாப்பிட்டார்கள், மறுபடி இழுத்தார்கள். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரமும் மேஜையில் ஒரு டம்ளரை மட்டும் யாரும் தொடவில்லை. அது பூங்கொடி.

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே மிஸ்" என்றார் தலைவர்.

"எனக்கு ஒரே ஒரு மாத்தம் போதுமுங்க. ஆளு யாரும் வெளியிலிருந்து வேண்டாம்."

"என்ன மாத்தமுங்க?"

"அத இப்பச் சொல்ல மாட்டேனுங்க. முதல்ல கேக்க வேண்டிய ஆளு இங்க இல்ல. அவகிட்டச் சொல்லிட்டு உங்ககிட்டச் சொல்றேன்."

தலைவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மரியாதை குறையாமல்தான் பேசினார். "செரிங்க மிஸ். உங்க பேச்சக் கேட்டுத்தான் இத்தன வருசம் போச்சு. இந்த வருசமும் கேக்கறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவ ஃபைனல் போகலீன்னா, அடுத்த வருசம் டீம முழுசா வெளியூர்லதான் எடுப்பேன். அப்ப நீங்க வருத்தப்படக் கூடாதுங்க."

அது மிரட்டல் இல்லை, மனசு வெறுத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பேச்சு. ஆனால் அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெபாவுக்கு ஹாஸ்டல் போகும், ஹாஸ்டல் போனால் கல்லூரியும் போகும். பவானியிலிருந்து பஸ் ஏறி வந்து போகிற சித்ராவை அவள் வீட்டில் மறுபடி வெளியே அனுப்புவார்களா என்பதே சந்தேகம். டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் நினைத்திருந்த மாற்றம் இதுதான்: பூங்கொடியை முதல் ஐந்து பேரில் இறக்கக் கூடாது. பெஞ்சில் உட்கார வைத்து, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அணியிலேயே சிறந்த ஆட்டக்காரியைப் பெஞ்சில் உட்கார வைப்பதா என்று உங்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தை மூடப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நாங்கள் தோற்ற அரையிறுதிகளை அந்தக் கூட்டத்துக்கு முன்பே யோசித்துப் பார்த்திருந்தேன். கடைசி நிமிடங்களில் பந்து யாரிடம் இருந்தாலும் சுற்றிச் சுற்றிப் பூங்கொடியிடம்தான் போய்ச் சேர்ந்தது. எதிரணிகளுக்கு அது மனப்பாடம். இரண்டு பேரை அவள் மேல் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பக்கத்தில் ஜெபா தனியாக நிற்பாள், கூடை கண்ணுக்கு நேரே இருக்கும், அப்போதும் பந்தைத் தூக்கி அக்காவிடம் கொடுப்பாள். பயிற்சியில் இதைச் சோதித்தும் பார்த்திருந்தேன். பூங்கொடி இல்லாத பக்கம் ஆடவிட்டால் ஜெபா புலி. பூங்கொடியோடு சேர்த்து ஆடவிட்டால் பந்து பரிமாறுகிற பெண். செயலாளர் சொன்ன மாதிரி அது பயம் இல்லை.

ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் கண்ணு, ஆளே இல்லாம நிக்கறயே, கூடைக்கு எறிஞ்சா என்ன?"

அவள் நான் ஏதோ கெட்ட காரியம் செய்யச் சொன்ன மாதிரி பார்த்தாள். "அக்கா நிக்கறப்ப நான் எப்படிங்க மிஸ் போடறது? நல்லாருக்குங்களா?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் உட்காராமல் சின்னவர்கள் உட்கார மாட்டார்கள். பெரியவர்கள் கை வைக்காமல் பந்தியில் சோற்றைத் தொட மாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். அதில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அந்தப் பந்தி வழக்கத்தை என் பெண்கள் மைதானத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், "செரிங்க மிஸ்" என்பார்கள். அடுத்த ஆட்டத்தில் பந்து மறுபடி அக்காவிடம் போகும். சின்ன வயசிலிருந்து ஊட்டி வளர்த்த மரியாதையை ஒரு விசிலில் நிறுத்த முடியாது. ஆகவே அக்காவைத்தான் கொஞ்ச நேரம் எழுந்து போகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அணியை மாற்றுகிறபோது நீங்கள் எடை போட வேண்டியது ஆட்களை மட்டும் இல்லை. ஓர் ஆள் இருப்பதால் மற்ற நாலு பேர் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். கேரளத்திலிருந்து இரண்டு பேர் இல்லை, இருபது பேர் வந்திருந்தாலும் எங்கள் பந்து பூங்கொடியிடம்தான் போயிருக்கும். இதை அந்த சாஸ் பாட்டில்களிடம் சொல்லி என்ன பயன்?

பேக்கரிக் கூட்டத்துக்கு மறுநாள் காலைப் பயிற்சி முடிந்ததும், வண்டி நிறுத்தும் இடத்தில் பூங்கொடியைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் மோசமா ஆடறனுங்களா மிஸ்?"

"இல்ல. உன்னளவுக்கு ஆடறதுக்கு இந்த ஊர்ல ஆள் இல்ல."

"அப்புறம் எதுக்குங்க?"

ஜெபா சொன்னதைச் சொன்னேன். அரையிறுதிகளைப் பற்றிச் சொன்னேன். அவள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். கண் கலங்கிவிட்டது, கலங்கியது எனக்குத் தெரியக் கூடாது என்று கோபம் வேறு வந்துவிட்டது.

"வருசா வருசம் எங்கூருலிருந்து வேன் புடிச்சு வாராங்க மிஸ். என்ற மாமியா, நங்கையா, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க, என்ற புள்ள. நான் பெஞ்சுல உக்காந்திருக்கறதப் பாக்கவா அவங்க வேன் புடிச்சு வாரது?"

"யோசிச்சுச் சொல்லு அம்மணி" என்றேன். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பூங்கொடி வேறு கிளப்புக்குப் போகிறாள் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் எனக்கு வயசாகிவிட்டது என்று எழுதினார். இரண்டாவது உண்மைதான். தலைவர் போனில் பதறினார்.

"என்ன பண்ணிப்போட்டீங்க மிஸ்? வெளியூரு ஆளும் வேண்டாம்னீங்க. இருக்கற ஆளையும் அனுப்பிப்போட்டீங்களே! ஒரு போன் பண்ணிச் சமாதானம் சொல்லுங்க."

நான் போன் செய்யவில்லை. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் கை போனுக்குப் போய்ப் போய் வந்தது. கூப்பிட்டு "சரி விடு, நீயே முதலில் இறங்கு" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், அரையிறுதி வரைக்கும். நைச்சியமாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாலும் வந்திருப்பாள், ஆனால் மனசு வந்திருக்காது. ஒரு பெரிய ஆட்டக்காரியிடம் பெரிய விஷயம் ஒன்றைக் கேட்டுவிட்டால், அவள் பெரியவள் என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருந்ததுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை.

மூன்றாம் நாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"போன வருச செமிஃபைனல் வீடியோவ செயலாளர்கிட்ட வாங்கிப் பாத்தேனுங்க மிஸ். என்ற மேல ரெண்டு பேரு தொங்கறாங்க. இந்தப் புள்ள அங்க அனாதையா நிக்குது. நான் பந்தக் கேட்டுக் கையக் காட்டிட்டே இருக்கறேன்." ஒரு பந்தை எடுத்துத் தரையில் தட்டினாள். "செரிங்க, பெஞ்சுல உக்காந்துக்கறேன். எனக்கு இன்னும் கோவந்தான். ஆனா உக்காந்துக்கறேன். ஊர்க்காரங்ககிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்."

கோபம் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கோபத்தோடு வந்தாளே, அதுதான் என் பூங்கொடி. அன்று சாயங்காலம் தலைவரிடமும் செயலாளரிடமும் என் மாற்றத்தைச் சொன்னேன். தலைவர் "அந்தப் புள்ள ஒத்துக்கிச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒத்துக்கொண்டாள் என்றேன். அதற்கு மேல் அவர் எதிர்க்கவில்லை.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எங்கள் ஐந்து பேர் இறங்கியபோது கேலரியில் ஒரே சலசலப்பு. பூங்கொடி என் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர் வேன் வந்திருந்தது. இடைவேளையில் அவள் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், எங்க புள்ள எல்லாஞ் சொல்லுச்சு. சின்னப் புள்ளைங்க பழகோணுமாமா. நல்லதுதானுங்க. ஆனா கொஞ்சம் சீக்கிரமா எறக்கிப்போட்டீங்கன்னா பாத்துட்டுக் கெளம்பலாம். மாடு கன்னு எல்லாம் அப்படியே கெடக்குது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த பகுதியில் இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இறக்கினேன். வேன்காரர்கள் கைதட்டிய சத்தத்தில் ரெஃபரியின் விசில் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து போனவள் களைப்பே இல்லாமல் எதிரணியைப் பிய்த்தாள். அதைவிட முக்கியம், அவள் இல்லாத நேரத்தில் மற்ற பெண்கள் கூடையைப் பார்க்கப் பழகினார்கள். சித்ரா இடித்துப் போட்டாள். ஜெபா ஓடி ஓடிப் போட்டாள். லீக் ஆட்டங்கள் ஒன்றிலும் தோற்காமல் அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

அங்கே எதிரே வந்து நின்றது கேரளத்து அணி. தலைவர் கூட்டிவர நினைத்த அந்த இரண்டு உயரமான பெண்களும் அதில்தான் இருந்தார்கள். பேக்கரியில் சாஸ் பாட்டிலாகப் பார்த்தவர்களை நேரில் பார்த்தபோது, தலைவர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்தது. கையைத் தூக்கினால் நிஜமாகவே கூடை பக்கத்தில் வந்துவிடுகிறது. அவர்களுக்கு நடுவில் நின்று சித்ரா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முட்டி மோதி, இரண்டு பேரையும் கூடைக்கு அருகில் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டாள். கடைசிப் பகுதியில் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தாள். விதிப்படி அதற்கு மேல் ஆட முடியாது. அவள் இடத்தில் பூங்கொடியை அனுப்பினேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து எங்களுடையது. டைம் அவுட் கேட்டேன்.

கம்பித் தடுப்புக்கு மேலே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு தலைவர் கத்தினார். "பூங்கொடிக்குக் குடுக்கச் சொல்லுங்க மிஸ்! பூங்கொடிக்கு!"

"நீங்க உக்காருங்க, டீ வரும்" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, நான் இன்னும் முடிவு எடுத்திருக்கவில்லை. என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பூங்கொடியை வெளியே எடுத்துவிட்டால் ஜெபா தயங்காமல் எறிவாள், ஆனால் எதிரணி இரண்டு பேரையும் அவள் மேல் ஏவிவிடும். பூங்கொடி உள்ளே நின்றால் அந்த இரண்டு பேரும் அவள் மேல் போவார்கள், ஜெபா தனியாக நிற்பாள். ஆனால் அக்கா நிற்கும்போது ஜெபா எறிவாளா? இத்தனை ஆட்டம் பழகியும் பூங்கொடி கூடவே நிற்கும்போது அவள் கண் அந்தப் பக்கம்தான் போனது, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு பந்தில் ஜெபாவின் கல்லூரி இருந்தது. சித்ராவின் பவானி பஸ் இருந்தது. தோற்றால் அடுத்த வருஷம் இந்தச் சட்டையை வேறு யாரோ போடுவார்கள்.

பூங்கொடியை உள்ளேயே வைத்தேன். ஜெபாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளிடம் புதிதாக எதைச் சொன்னாலும் "செரிங்க மிஸ்" என்று சொல்லிக் குழம்பிப் போவாள். பூங்கொடியிடம் மட்டும் சொன்னேன்.

"உன்ன நம்பித்தான் உள்ள நிக்க வெக்கறேன்."

"தெரியுதுங்க மிஸ்" என்றாள். என் திட்டம் அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்தது முழுக்க அவளுடையது.

பந்து ஜெபா கைக்கு வந்தது. பூங்கொடி வலது மூலைக்கு ஓடினாள். நினைத்தபடியே அந்த இரண்டு உயரமானவர்களும் அவள் பின்னாலேயே ஓடினார்கள். ஜெபாவுக்கு முன்னால் வழி திறந்தது. எங்கள் மற்ற மூன்று பேரும் அவரவர் ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெபா இரண்டு எட்டு உள்ளே வந்தாள், நின்றாள், தலையைத் திருப்பி மூலையில் இருந்த அக்காவைத் தேடினாள். என் உயிர் போய்விட்டது.

மூலையில் பூங்கொடி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மைதானத்தில், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கூடைப்பந்துக்காரி ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, அவளையே பார்த்தார்கள். கையே இல்லாத ஆளிடம் பந்தை எப்படிக் கொடுப்பது? ஜெபாவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. கூடைப் பக்கம் திரும்பினாள், எம்பினாள், எறிந்தாள். வளையத்தில் பட்டு, ஒரு குதி குதித்து, உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்த சைரன் அடித்தது, இந்தத் தடவை அந்த ஒரு புள்ளி எங்கள் பக்கம்.

இறுதிப்போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோற்றோம். எங்களைவிட நல்ல அணி ஜெயித்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. தலைவர் அன்றைக்கும் காருக்குள் போய் அழுதார், ஆனால் வெளியூர் ஆள் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஜெபா படிப்பை முடித்தாள். அடுத்தடுத்த வருஷங்களில் யாரோடு யார் ஆடுவது என்ற குலுக்கலில் எங்கள் பக்கம் விழுந்தால் மற்ற பயிற்சியாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கோப்பைக்குத் தகுந்த அணி என்று யாரும் மாலை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சுளிப்பு போதும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மார்பு நிமிர்ந்துவிடும்.

ஆனால் இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பாத்தியம் அந்த அரையிறுதியின் சைரன் அடித்த உடனே கிடைத்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தலைவர் தடுப்பைத் தாண்டிக் குதிக்கப் பார்த்து வேட்டி மாட்டிக்கொண்டு நின்றார். சித்ரா யாரையோ தூக்கிச் சுற்றினாள். ஜெபா மட்டும் யாரிடமும் போகாமல், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மூலைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் பூங்கொடியின் முன்னால் போய் நின்று, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குத்தானுங்க குடுக்கப் பாத்தேன். நீங்க கையவே காட்டலீங்களே!"

பூங்கொடி அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"காட்டியிருந்தா குடுத்துப்போட்டிருப்பியே, கண்ணு."